தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: அண்ணாந்து பார்ப்பதற்கு முன் கொஞ்சம் குனியுங்கள்

பெரிய கோயிலுக்கு நான் முதலில் போனது பள்ளிச் சுற்றுலாவில். வரிசையில் நின்றோம், அண்ணாந்து பார்த்தோம், கோபுர நிழல் தரையில் விழாது என்று ஆசிரியர் சொன்னதை அந்த நிழலிலேயே நின்றுகொண்டு நோட்டில் எழுதிக்கொண்டோம். புல்தரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அடித்தளக் கற்களில் எழுத்து இருக்கிறது என்பதையே பல ஆண்டுகள் கழித்து, இரண்டாம் முறை போனபோதுதான் கவனித்தேன். அன்று எனக்கு யாராவது இப்படி ஒரு குறிப்பைக் கையில் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சமயம், அரசியல், கலை என்று மூன்றையும் மூன்று பாடவேளைகளில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இந்தக் கோயிலைக் கட்டியவர்களுக்கு அந்தப் பாட அட்டவணை தெரியாது. தேவாரம் பாடியவருக்கு அளந்த நெல், ஆடியவளின் வீடு இருந்த தெரு, தோற்ற அரசனின் கருவூலத்திலிருந்து வந்த வெள்ளி, எல்லாம் இங்கே கல்லில் இருக்கின்றன. ஒரே நாளில் அதைப் படிக்கத் தொடங்குவது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியவை

முதலில் ஒரு கணக்கு. சோழர் கல்வெட்டில் ஆண்டு என்றால் அரசன் பட்டம் ஏறியதிலிருந்து எண்ணிய ஆண்டு. முதலாம் இராசராசன் பட்டமேறியது 985இல். ஆகவே "யாண்டு இருபத்தைஞ்சாவது" என்று கண்டால் 985உடன் 25ஐக் கூட்டுங்கள்: 1010. அந்த ஆண்டின் 275ஆம் நாளில்தான் விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்ததாக அரசனே சொல்கிறான். கோயில் 1010இல் முடிந்தது என்று எல்லாரும் சொல்வது இந்த ஒரு வரியை வைத்துத்தான்.

அடுத்து, சில சொற்கள். கல்வெட்டில் "கோயில்" என்று வந்தால் பெரும்பாலும் அரண்மனை என்று பொருள்; கோவின் இல். நாம் கோயில் என்று சொல்லும் கட்டடத்துக்கு அங்கே பெயர் "திருக்கற்றளி". இந்தக் கற்றளியின் பெயர் ஸ்ரீராஜராஜீஸ்வரம். பெருவுடையார், பிரகதீஸ்வரர் என்பவை பிறகு வழங்கிய பெயர்கள். தேவதானம் என்பது கோயிலுக்கு விட்ட நிலம். பண்டாரம் என்பது கருவூலம். தளிச்சேரி என்பது கோயிலைச் சேர்ந்த ஆடல்மகளிர் குடியிருந்த தெருக்கள். இந்த ஐந்தாறு சொற்கள் போதும், பாதி தூரம் கடந்துவிடலாம்.

கல்வெட்டுகளின் பாடம் முழுவதும் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கிறது. நாலைந்து பக்கங்களை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூலமும் சுவரும் ஒன்றாகக் கண்ணில் படும்போது வரும் மகிழ்ச்சி தனி. மேலும், சுவரில் எழுத்துக்கு மேல் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. வடசொற்கள் கிரந்தத்தில் இருக்கும். வெறுங்கையோடு போய்ப் படிக்க முயன்றால் முதல் வரியிலேயே மனம் சோர்ந்துவிடும்.

எப்போது போவது

அதிகாலை நடை திறந்ததும் போங்கள், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. கூட்டத்தைவிட முக்கியமான காரணம் வெளிச்சம். சாய்வான வெயிலில்தான் வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். உச்சிவெயிலில் அதே கல் வழுவழுவென்று ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். நண்பகலில் சன்னதி நடையும் சாத்தியிருக்கும், வெறுங்காலில் கருங்கல் தரையும் சுடும். பருத்திக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். நான் காலுறை இல்லாமல் நந்தி மண்டபத்திலிருந்து விமானம் வரை ஓடியதைப் பார்த்து ஒரு குழந்தை சிரித்தது.

எழுத்து தெரியவில்லை என்று மாவு பூசுவது, சுண்ணக்கட்டியால் தடவுவது, தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.

வாயில்களில் தொடங்குங்கள்

சாலையிலிருந்து நுழையும் முதல் வாயில் பிற்காலத்தது. நின்று பார்க்க வேண்டியதில்லை. அடுத்தது ஐந்து நிலைக் கோபுரம், பெயர் கேரளாந்தகன் திருவாயில். கேரளத்துக்கு அந்தகன், அதாவது யமன். சிவனைக் கும்பிட வருகிறவர் முதலில் கடக்கும் வாசலுக்கு ஒரு போர்வெற்றியின் பெயர். நம் கோயில் நுழைவாயிலில் அண்டை மாநிலத்தைத் தோற்கடித்த செய்தியைப் பலகையாக மாட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் அது கூச்சப்படும் செயலாக இல்லை.

மூன்றாவது வாயில் இராசராசன் திருவாயில். இங்கே கால் மணி நேரமாவது செலவிடுங்கள். இரு பக்கமும் ஆளுயரத்தை மிஞ்சிய துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும், தேடிக் கண்டுபிடியுங்கள். யானை அவ்வளவு சிறிது என்றால் பாம்பு எவ்வளவு பெரிது, பாம்பு காவலனின் கதாயுதத்தின் ஓரம் கிடக்கிறது என்றால் காவலன் எவ்வளவு பெரியவன், அவன் கைகாட்டும் உள்ளே இருப்பவன் எவ்வளவு பெரியவன். சிற்பி ஒரு அளவுகோலைக் கொடுத்து நம்மையே கணக்குப் போட வைக்கிறான். அதே வாயிலின் அடித்தளத்தில் மார்க்கண்டேயன், கண்ணப்பன், சண்டேசன் கதைகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. பலர் அவற்றின்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் நகரச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் நகர்ந்து, தாங்களும் குனிந்து பார்ப்பார்கள்.

விமானத்தின் அடியில்: இதுதான் முக்கியமான இடம்

நந்தியைக் கடந்து போனதும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பதின்மூன்று நிலை, ஏறக்குறைய 200 அடி, பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்குங்கள். அதிட்டானம் என்னும் அடித்தளத்தின் பட்டைகளில் வரி வரியாக எழுத்து ஓடுகிறது.

முதற்கல்வெட்டில் ஒரு காட்சி இருக்கிறது. இருபத்தாறாம் ஆண்டு, இருபதாம் நாள். அரசன் தஞ்சை அரண்மனையின் கிழக்குப் பக்கத்துத் திருமஞ்சன சாலையில், அதாவது குளிக்கும் மண்டபத்தில் இருக்கிறான். அங்கிருந்து ஆணை பிறக்கிறது: நாம் எடுப்பித்த கற்றளிக்கு நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டுக. அக்கன் என்பது தமக்கை குந்தவை. தனக்கு அடுத்தபடியாக, மனைவியருக்கும் முன்னால், தமக்கையின் பெயர். கடைசியில் "கொடுத்தார்" என்று பொதுவாக எல்லாருக்கும் இடம். அரசன் தன் கொடையை மட்டும் வெட்டச் சொல்லியிருந்தால் இந்தக் கோயிலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும்.

பிறகு "திருமகள் போல" என்ற தொடரைத் தேடுங்கள். "திருமகள் போலப் பெருநிலச் செல்வியுந் தனக்கே யுரிமை பூண்டமை மனக்கொளக் காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று தொடங்கி வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, கொல்லம், கலிங்கம், ஈழ மண்டலம் என்று வென்ற நாடுகள் அடுக்கப்படும். இதற்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். இப்படி ஒரே வாசகத்தை நிலைப்படுத்தி, ஆட்சி முழுவதும் கல்வெட்டுகளின் தலைப்பில் வைக்கும் பழக்கம் இராசராசனோடுதான் ஊன்றியது. ஓர் ஊரில் இரண்டு ஆடு கொடுத்தவனின் கல்வெட்டும் அரசனின் போர்ப்பட்டியலோடு தொடங்கும். இன்றைய அரசு விளம்பரங்களில் ஒவ்வொரு திட்டத்துக்கும் மேலே ஒரு முகம் இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாமல் போகாது.

கொடைப் பட்டியலைப் படிக்கும்போது பொருள் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சேரமானையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து கொடுத்த வெள்ளி என்று சில பொருள்களுக்கு மேல் தெளிவாக எழுதியிருக்கிறது. சாளுக்கியன் சத்யாசிரயனை வென்று திரும்பியதும் இறைவன் திருவடியில் இட்ட பொற்பூக்களும் உண்டு. கொள்ளைப் பொருள் என்று மறைக்கவில்லை. வென்று வந்தது என்பதே அந்தப் பொன்னுக்குப் பெருமை.

பணம் எப்படி வேலை செய்தது என்பதும் இங்கேயே இருக்கிறது. கோயில் காசு பெட்டியில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகள் அதைக் கடனாக வாங்கின. காசுக்கு ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சந்திரரும் சூரியரும் உள்ளவரை வட்டி கட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் யார் தெரியுமா? ஆதிசண்டேசுவரர். கோயிலின் பத்திரங்கள் அந்தத் தெய்வத்தின் பெயரில்தான் நடந்தன. விமானத்தின் வடபுறத்தில் இருக்கும் சண்டேசுவரர் சன்னதியில் கையைத் தட்டிவிட்டுப் போகிறோமே, அவர் ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தின் பெரிய வங்கி.

ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. இடையன் அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். "சாவா மூவாப் பேராடு" என்று சோழர் கல்வெட்டுகள் சொல்லும். ஆடு சாகும், மூப்படையும். கணக்கில் மட்டும் சாவதில்லை, குட்டி போட்டு எண்ணிக்கையை நிரப்புவது இடையனின் பொறுப்பு. அளக்கும் அளவைக்குக்கூட ஆடவல்லான் என்று நடராசரின் பெயர்.

ஈழத்து வாசகர்கள் இன்னொன்றையும் தேடலாம். கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களில் ஈழ மண்டலத்து ஊர்களும் இருக்கின்றன, கொட்டியாரம் என்ற பெயர் உட்பட. அங்கிருந்து நெல்லும் காசும் விளக்குக்கு இலுப்பைப்பாலும் வர வேண்டும் என்று ஏற்பாடு. தஞ்சையில் எரிந்த விளக்கின் திரியை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனால் கடல் தாண்டிப் பிடிபட்ட ஊர் ஒன்றில் போய் முடியும். பொலன்னறுவையில் சோழர் எடுத்த வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் நிற்கிறது. அதையும் ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

வட மதிலுக்கு நடங்கள்

பலரும் தவறவிடும் இடம் இது. கோயிலைச் சுற்றியிருக்கும் மதிலின் வட புறத்தில், வெளிப்பக்கமாக, இரண்டு நீண்ட கல்வெட்டுகள் இருக்கின்றன.

ஒன்று திருப்பதியம், அதாவது தேவாரம், பாட அமர்த்திய நாற்பத்தெட்டுப் பேரின் பட்டியல். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக ஐம்பது பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல்.

மற்றொன்று, 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். பெயர், முன்பு இருந்த ஊர், அந்த ஊரில் எந்தக் கோயில், தஞ்சையில் இப்போது எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதாவது தெருவின் எந்த வரிசை, எத்தனையாவது வீடு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்று ஓலோகமாதேவி ஈசுவரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. இப்படியே நானூறு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் நிலத்தின் வருவாய். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசு ஒன்று நானூறு பெண்களின் கதவு எண்ணை எழுதி வைத்திருக்கிறது.

அவர்களுக்குப் பின் நட்டுவம் செய்வார், வீணை வாசிப்பார், ஆரியம் பாடுவார், தமிழ் பாடுவார், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் எல்லாரும் பங்குகளோடு வருகிறார்கள். இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். உறவினர் தகுதியில்லை என்றால் தகுதியுள்ளவரை நியமிக்க வேண்டும். கலைக்குப் பின்னால் ஒரு சம்பளப் பட்டியல் இருந்தது என்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். எனக்கு அந்தப் பட்டியல்தான் கோயிலிலேயே மிக அழகானது. ஊர் ஊராக இருந்த ஆடல்மகளிர் சொந்த விருப்பத்தில் வந்தார்களா, ஆணையில் வந்தார்களா என்று கல் சொல்லாது. சேரமங்கையின் பெயரை வாய்விட்டு ஒரு முறை படித்துவிட்டு நகருங்கள்.

சிற்பங்களும் ஒரு புத்தரும்

இப்போது அண்ணாந்து பார்க்கலாம். விமானத்தின் மேல்வரிசைக் கோட்டங்களில், அதாவது சுவர் மாடங்களில், வில்லேந்திய சிவன் திரும்பத் திரும்ப வருகிறார். திரிபுரம் எரித்த கோலம். எத்தனையோ வடிவங்கள் இருக்க, போர்க்கோலத்தையே வரிசையாக வைத்தது தற்செயல் இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். அந்த மெய்க்கீர்த்திக்கு இது ஏற்ற படம்.

விமானத்துக்கு ஏறும் தெற்குப் பக்கப் படியருகே, மரத்தடியில் அமர்ந்த சிறிய புத்தர் சிற்பத்தைத் தேடுங்கள். இதை வைத்து இராசராசன் எல்லா மதங்களையும் சமமாக நடத்தினான் என்று ஒரு கட்சி உடனே சொல்லும். உண்மையில் அந்தச் சிற்பம் திரிபுரக் கதையின் பகுதி. அசுரர்கள் புத்த நெறிக்கு மயங்கியதால் சிவபக்தி இழந்து அழிந்தார்கள் என்பது புராணம். ஆனால் அதே அரசன் தன் இருபத்தோராம் ஆண்டில், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடுகளில் அது இருக்கிறது. கடல் வாணிபத்துக்கு ஸ்ரீவிஜயத்தின் நட்பு வேண்டியிருந்தது. ஈழத்தில் அவன் படைகள் அனுராதபுரத்தை அழித்ததும் இதே ஆட்சியில்தான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பார்க்க முடியாதவை

கருவறையைச் சுற்றிய இருண்ட உள்நாழியில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியப் பூச்சின் அடியில் மறைந்திருந்தவற்றை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை. கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் அவற்றின் படங்களைப் பாருங்கள். சுந்தரரைத் திருமணப் பந்தலில் வந்து தடுத்தாட்கொண்ட கதை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது, கிழவர் வேடத்தில் வந்த இறைவன் ஓலையைக் கையில் பிடித்தபடி. சேக்கிழார் பெரியபுராணம் பாடியதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முந்தியது இந்த ஓவியம்.

அதற்கு மேல் நிலையில் சிவனே ஆடிக்காட்டும் கரணங்கள், அதாவது நடன நிலைகள். நூற்றெட்டில் எண்பத்தொன்று செதுக்கப்பட்டிருக்கின்றன, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. இதற்கும் அனுமதி இல்லை. நூற்றெட்டையும் முழுதாகக் காணச் சிதம்பரம் கோபுர வாயில்களுக்குப் போங்கள்.

சோழர் இல்லாதவற்றைப் பிரித்தறிய

நந்தி நாயக்கர் காலத்தது. நுணுக்கத்தால் கண்ணைக் கட்டும் சுப்பிரமணியர் சன்னதியும் அப்படியே. அதன் முன் நின்று "சோழர் கலை" என்று வியக்காதீர்கள். அம்மன் சன்னதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் எழுப்பியது. தஞ்சையை வென்றவர்கள் கோயிலை விட்டுப்போகவில்லை, ஆளுக்கொரு சன்னதி சேர்த்தார்கள்.

திருச்சுற்று மாளிகைச் சுவரில் மராட்டி மொழியில் ஒரு நெடிய கல்வெட்டு இருக்கிறது: போன்சலே குலத்தின் வரலாறு, 1803இல் இரண்டாம் சரபோசி வெட்டுவித்தது. 1799 உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. நான்கு ஆண்டு கழித்து, ஆள நாடில்லாத அரசன் தன் முன்னோர் கதையைச் சோழன் கட்டிய மாளிகையில் எழுதி வைக்கிறான். மராட்டி தெரியாவிட்டாலும் அதன் நீளத்தை ஒரு முறை நடந்து பாருங்கள்.

கதைகளை என்ன செய்வது

வழிகாட்டிகள் சொல்லும் நிழல் கதையை உங்கள் கண்ணாலேயே தீர்த்துக்கொள்ளலாம். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்பதும் கதையே. சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்பதைக் குழந்தைகள் உடன் வந்தால் மட்டும் கேளுங்கள். கட்டியவரின் பெயர் யாருக்கும் தெரியாது என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கல்லிலேயே இருக்கிறது.

வெளியே வரும்போது

முன்வாசல் வழியாக நுழையும் ஆட்சியாளருக்குப் பதவி போய்விடும் என்ற நம்பிக்கை தமிழக அரசியலில் உண்டு. இதைப் பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவர்களையும் சேர்த்தே சொல்வார்கள். 2020 பிப்ரவரி 5 குடமுழுக்கின்போது மந்திரம் தமிழிலா வடமொழியிலா என்று வழக்கு நடந்தது; இரண்டிலும் நடத்தும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. மதில் கல்வெட்டில் ஆரியம் பாடுவாரும் தமிழ் பாடுவாரும் அடுத்தடுத்துப் பங்கு பெற்றதை நீங்கள் சற்றுமுன்தான் பார்த்தீர்கள்.

வாசலுக்கு வெளியே இராசராசன் சிலை நிற்கிறது. அன்றைய மாநில அரசு அதைக் கோயிலுக்குள் வைக்க விரும்பியது, தொல்லியல் துறையைக் கையில் வைத்திருந்த மத்திய அரசு இசையவில்லை, 1972இல் சிலை வெளியிலேயே நின்றுவிட்டது. கட்டியவனுக்கு உள்ளே இடமில்லையா என்று அன்று முதல் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு யாராவது உங்களிடம் வந்தால் ஒரு தகவல் கையில் இருக்கட்டும்: கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற அலுவலர், இராசராசனுக்கும் அரசி ஓலோகமாதேவிக்கும் செப்புத் திருமேனி செய்து உள்ளே எழுந்தருளச் செய்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அச்செடுத்த தாள்களில் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இருந்தால் அரண்மனைக் கலைக்கூடம் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவர் அங்கே இருக்கிறார், இதே இராசராசன் ஆட்சியில் வார்த்த செப்புத் திருமேனி. நந்தி இல்லாமல், காற்றில் கையூன்றி நிற்பார். கூட்டம் குறைவு. காலுறையும் தேவைப்படாது.